தட்டில் குறையும் புரதம், சிறுநீரில் கசியும் புரதம்

பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம். இடுக்கியில் மூணாறு, மறையூர், பூப்பாறை, வண்டிப்பெரியாறு, குமுளி. கேரளத்துக்குள் இருக்கும் இந்தத் தமிழ் ஊர்களில் ஒருவருக்கு யூரினில் புரோட்டீன் போகிறது என்று தெரிந்த அன்றே வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடுகிறது. பருப்பு கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது. சொந்தக்காரர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், சில நேரம் மருத்துவமனையிலேயே அவசரமாகச் சொல்லி அனுப்புவார்கள். அன்றிலிருந்து நோயாளியின் தட்டில் சோறும் ரசமும்தான். மாத்திரை ஒரு மாதம் ஓடும், பிறகு நின்றுவிடும். பத்தியம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும்.

இந்தப் பத்தியம் சிறுநீரக வடிகட்டியைக் காக்கிறதா? காக்கிறது என்றால் எந்த அளவுக்கு? அதைவிட நன்றாகக் காக்கக்கூடிய ஒன்று அருகிலேயே கிடைக்க, அதை விட்டுவிட்டு இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோமா? இந்தக் கேள்விகளுக்கு நாற்பது ஆண்டு ஆய்வுகள் பதில் வைத்திருக்கின்றன. அவற்றை எல்லைப்புற மனிதர்களின் வாழ்க்கையோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

முதலில் எதைக் காக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்வோம். ஒரு சிறுநீரகத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் கிளாமருலஸ்கள், அதாவது நுண்ணிய ரத்தநாள முடிச்சுகள் இருக்கின்றன. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீர் அவற்றின் வழியே வடிகிறது. ரத்தத்தின் ஆல்புமின் புரதம் ஏறக்குறைய முழுவதும் உள்ளேயே நின்றுவிடுகிறது. அப்படி நிறுத்தும் சுவரில் மூன்று அடுக்குகள். வெளி அடுக்கில் இருப்பவை போடோசைட் என்னும் உயிரணுக்கள். இரு கைகளின் விரல்களைக் கோத்துப் பிடிப்பதுபோல, பக்கத்துப் பக்கத்து போடோசைட்டுகள் தம் மெல்லிய கால்களைக் கோத்து ரத்தநாளத்தைப் போர்த்தியிருக்கின்றன. கால்களுக்கு இடையிலுள்ள பிளவில் ஒரு நுண்சவ்வு உண்டு. அதன் முக்கியப் பொருளான நெஃப்ரினை 1998இல் கார்ல் டிரிக்வாசன் குழுவினர் கண்டறிந்தார்கள். பிறக்கும்போதே சிறுநீரில் புரதம் கொட்டும் பின்லாந்துக் குழந்தைகளின் மரபணுவைத் தேடியபோது கிடைத்தது அது. அந்த ஒரு புரதம் பழுதானாலே வடிகட்டி ஒழுகிவிடும் என்பது அன்று உறுதியானது.

போடோசைட்டின் பெரிய பலவீனம், அது பிரிந்து பெருகாது என்பது. தோல் தேய்ந்தால் புதுத் தோல் வரும், குடலின் உள்தோல் சில நாட்களில் புதிதாகும். போடோசைட் உதிர்ந்தால் சிறுநீரோடு போய்விடும். பக்கத்தில் இருப்பவை தம் கால்களை அகட்டி அந்த இடத்தை மூட முயலும், அகட்டிய கால் மேலும் பலவீனமாகும். ரோஜர் விக்கின்ஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட எலி ஆய்வு இதன் கணக்கைக் காட்டியது. ஐந்தில் ஒரு பங்குக்குள் இழந்தால் வடிகட்டி ஓரளவு சமாளிக்கிறது. ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இழந்தால் வடு கட்டுகிறது, பிறகு திரும்ப வழியில்லை.

புரதத்தால் வரும் சேதம் என்று பேசும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துபோகின்றன. ஒன்று, நாம் சாப்பிடும் புரதம். அது அமினோ அமிலங்களாகி வடிகட்டிக்கு வரும்போது, உள்ளே வரும் ரத்தநாளம் விரிகிறது, முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. ஆரோக்கியமானவருக்கு இது சாப்பாட்டுக்குப் பின் சில மணி நேரம் வந்து போகும் ஏற்றம். பாதி வடிகட்டிகளை இழந்தவருக்கு, மிச்சமிருப்பவை ஏற்கெனவே அழுத்தத்தில் இருக்கின்றன, அதன்மேல் இதுவும் சேருகிறது. இரண்டாவது, கசிந்துபோகும் புரதம். சவ்வைத் தாண்டிய ஆல்புமினைக் கீழேயுள்ள குழாய் உயிரணுக்கள் விழுங்கித் திரும்ப எடுக்கப் பார்க்கின்றன. அளவு மீறும்போது அவை நோய்ப்பட்டு அழற்சியை அழைக்கின்றன, சுற்றிலும் வடு கட்டுகிறது. போடோசைட்டும் அந்த ஆல்புமினை உள்வாங்கித் தானே நொடிகிறது. கசிவு நோயின் அடையாளம்தான், ஆனால் அது நோயை வளர்க்கவும் செய்கிறது.

தட்டுக்கும் கசிவுக்கும் இடையே நிற்பது அழுத்தம். இதைத் தெளிவாக முன்வைத்தவர் பாரி பிரென்னர். 1982இல் மேயர், ஹோஸ்டெட்டர் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரைதான் குறைபுரத உணவு என்ற எண்ணத்துக்கு நவீன அடித்தளம் போட்டது. எலிகளில் அது அழகாக நிரூபணமானது. புரதத்தைக் குறைத்த எலிகளின் வடிகட்டிகள் தப்பின. மனிதரிடம் நடக்குமா என்று பார்க்க அமெரிக்காவில் எம்டிஆர்டி என்ற பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 1994இல் வந்தது, விவாதம் இன்றும் தீரவில்லை.

அந்த ஆய்வின் முதல் பிரிவில் நடுத்தர நோயுள்ள 585 பேர். ஒரு சாராருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.3 கிராம் புரதம், இன்னொரு சாராருக்கு 0.58 கிராம். சராசரியாக இரண்டு ஆண்டுக்குச் சற்றே மேல் பின்தொடர்ந்தார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்த வேகத்தில் உறுதியான வித்தியாசம் தென்படவில்லை. நோய் முற்றிய 255 பேர் கொண்ட இரண்டாம் பிரிவில், 0.28 கிராமும், குறைந்த புரதத்தை ஈடுகட்டும் கீட்டோ அமில மாத்திரையும் என்று இன்னும் இறுக்கினார்கள். மெல்லிய நன்மைபோல ஏதோ தெரிந்தது, அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டாம் பிரிவினரை நீண்ட காலம் தொடர்ந்து 2009இல் வெளியிட்ட கணக்கில், மிகக் குறைந்த புரதம் உண்டவர்களிடம், சிறுநீரகம் செயலிழந்த பிறகு இறப்பு கூடுதலாக இருந்தது. இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. நம் ஊர்களில் வடிகட்டி கெடுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்றான நோயைப் பற்றி அந்த ஆய்வு அதிகம் சொல்லவில்லை.

மறுபக்கமும் உண்டு. ருமேனியாவில் 207 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், கீட்டோ மாத்திரையோடு கூடிய மிகக் குறைந்த சைவப் புரத உணவு நல்ல பலன் தந்தது. கெட்ட முடிவை எட்டியவர்கள் அந்தக் குழுவில் 13 விழுக்காடு, வழக்கமான குறைபுரதக் குழுவில் 42 விழுக்காடு. வலுவான எண்கள்தான். ஆனால் சேர்வதற்கு முன்பே பத்தியத்தைக் கடைப்பிடிக்க முடியும் என்று சோதித்துப் பார்த்தவர்களை மட்டுமே அங்கே எடுத்தார்கள். உணவியலாளரின் தொடர்ந்த கண்காணிப்பும் இருந்தது. அந்த மாத்திரை உடல் எடையில் ஐந்து கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் தரப்படுவது. அறுபது கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு மாத்திரை முப்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தினம் 360 ரூபாய். 2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரில் திரண்டு தெருவில் அமர்ந்தபோது அவர்களுடைய நாள் கூலி 232 ரூபாய், கேட்டது 500 ரூபாய். கூலி பிறகு கூடியிருக்கிறது. ஆனாலும் கூலியின் பெரும்பகுதியை விழுங்கும் மாத்திரையை அவர்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்கு மருத்துவம் என்று பரிந்துரைக்க என்னால் முடியாது.

சரி, மாத்திரை இல்லாமல் பத்தியம் மட்டும் இருந்தால்? இங்கேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஐம்பது கிலோ எடையுள்ள, கொழுந்து கிள்ளும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 350 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறார், அதில் புரதம் ஏறத்தாழ 27 கிராம். துவரம் பருப்பு 40 கிராம், புரதம் 9 கிராம். ஒரு முட்டை, 6 கிராமுக்குச் சற்று மேல். மொத்தம் 42 கிராம் சொச்சம், கிலோவுக்கு 0.85 அளவில் வருகிறது. உலக அளவில் சிறுநீரக மருத்துவர்கள் பின்பற்றும் கேடிகோ வழிகாட்டி, 2024ஆம் ஆண்டுப் பதிப்பில், நடுத்தரமும் அதற்கு மேலும் நோயுள்ளவர்களுக்குச் சொல்லும் அளவு 0.8 கிராம். அதாவது இந்தப் பெண் பத்தியம் தொடங்கும் முன்பே பத்தியத்தில்தான் இருக்கிறார். பருப்பையும் முட்டையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது அரிசிப் புரதம் மட்டும், கிலோவுக்கு 0.55 கிராம். அதுவும் லைசின் குறைந்த புரதம். மரவள்ளிக் கிழங்கு சாப்பிடும் நாட்களில் இன்னும் மோசம், கிழங்கில் நூறு கிராமுக்கு ஒரு கிராம் அளவில்தான் புரதம் இருக்கிறது.

முதுகில் கூடை சுமந்து சரிவில் ஏறுபவரின் தசை இந்தப் பத்தியத்தில் கரையும். தசை கரைந்தால் ரத்தத்தில் கிரியாட்டினின் குறைந்து தெரியும், ‘உப்பு இறங்கியிருக்கிறது’ என்று வீட்டில் மகிழ்வார்கள். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை குறைந்ததால்தான் அது குறைந்தது என்பதை யாரும் சொல்லமாட்டார்கள். நோய் முற்ற முற்றப் பசி தானாகவே மங்கி, புரத அளவு சொல்லாமலே குறையும் என்பதும் நன்கு பதிவான உண்மை. பலவீனமானவருக்கும் தசை இழந்தவருக்கும் புரதத்தைக் குறைக்க வேண்டாம் என்று அதே வழிகாட்டி எச்சரிக்கிறது.

பத்தியத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் மாட்டிறைச்சியும் கோழியும் மீனும் நிறையச் சாப்பிடுபவர், ஜிம்முக்குப் போய்ப் புரதப் பவுடர் கலக்கிக் குடிப்பவர், ‘புரதம் போகுதே, ஈடுகட்டணும்’ என்று டின் டின்னாகப் பவுடர் வாங்கிக் கொடுக்கும் குடும்பம் எல்லாருக்கும் அது பொருந்தும். கிலோவுக்கு 1.3 கிராமுக்கு மேல் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை அவர்களுக்கானது. மீறிப் போவதை அளவுக்குக் கொண்டுவருவது வேறு, ஏற்கெனவே அளவில் இருப்பதைப் பறிப்பது வேறு.

உணவில் குறைக்க வேண்டிய பொருள் ஒன்று உண்மையிலேயே உண்டு, உப்பு. நெதர்லாந்தில் 52 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று என்னைப் பொறுத்தவரை இந்தத் துறையின் மிக முக்கியமான ஆய்வுகளில் ஒன்று. அவர்கள் அனைவரும் ஏசிஇ தடுப்பு என்ற வகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதோடு இன்னொரு மாத்திரையைச் சேர்த்தபோது சிறுநீரில் கசிவு 21 விழுக்காடு குறைந்தது. மாத்திரை சேர்க்காமல் உப்பைக் குறைத்தபோது 51 விழுக்காடு குறைந்தது. பாலக்காட்டுச் சாப்பாட்டில் பப்படம், கொண்டாட்டம், ஊறுகாய், மோர்மிளகாய். இடுக்கியில் கிழங்குக்குக் கருவாடு. பருப்பை விலக்கிய தட்டில் ருசிக்கு என்ன வந்து உட்காரும் என்று யோசியுங்கள், ஊறுகாயும் கருவாடும்தான். தவறான பத்தியம் சரியான பத்தியத்தைத் தோற்கடிக்கிறது.

இனி மருந்துகள். முடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் நாளத்தைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைப்பவை ஏசிஇ தடுப்பு மருந்துகளும் அவற்றின் தம்பிகளான ஏஆர்பி மருந்துகளும். எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் என்று மருந்துக்கடையில் நாம் பார்ப்பவை. 1993இல் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகள் 409 பேரிடம் கேப்டோப்ரிலை வைத்து நடத்திய சோதனையில், கிரியாட்டினின் இரட்டிப்பாகும் அபாயம் ஏறக்குறையப் பாதியானது. 1997இல் இத்தாலியில் ராமிப்ரில் ஆய்வு சர்க்கரை இல்லாதவர்களிடமும் அதையே காட்டியது. 2001இல் 1,513 பேரிடம் நடந்த லோசார்டன் ஆய்வில் சிறுநீரகச் செயலிழப்பு 28 விழுக்காடு குறைந்தது. இவை பழைய மருந்துகள், மலிவானவை, அரசு மருத்துவமனைகளில் நெடுநாளாகப் புழங்குபவை.

அதற்கடுத்த பெரிய மாற்றம் எஸ்ஜிஎல்டி2 தடுப்பு மருந்துகள். இவை உள்ளே வரும் நாளத்தைச் சற்றே சுருக்குகின்றன. புரதச் சாப்பாடு விரிப்பது எந்த நாளத்தையோ, அதையேதான். பிரென்னர் உணவால் செய்ய நினைத்ததை இந்த மாத்திரை நேரடியாகச் செய்கிறது. 2020இல் 4,304 பேரிடம் நடந்த டபாகிளிஃப்ளோசின் ஆய்வில், சிறுநீரகம் கெட்டுப்போவதும், சிறுநீரகத்தாலோ இதய, ரத்தநாள நோயாலோ வரும் இறப்பும் சேர்ந்த அபாயக் கணக்கு 39 விழுக்காடு குறைந்தது. சர்க்கரை இருந்தவர், இல்லாதவர் இருவருக்கும் பலன். 6,609 பேரிடம் எம்பாகிளிஃப்ளோசின் ஆய்வு 28 விழுக்காடு என்றது. இந்தியாவில் டபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020இலும் எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. அறுபது ரூபாய் அளவில் விற்ற மாத்திரைக்குப் பத்து ரூபாய்க்கும் கீழே வகைகள் வந்துவிட்டன. ஃபினெரெனோன், செமாகுளுடைட் ஆகியவையும் நல்ல சான்றோடு வந்திருக்கின்றன, ஆனால் அவை இந்த வரிசையில் பின்னால் நிற்பவை.

மருந்துப் பக்கத்தையும் கறாராகவே பார்க்க வேண்டும். கசிவின் எண் குறைந்தால் போதும், சிறுநீரகம் பிழைத்துவிடும் என்ற முடிவு தவறு. ஏசிஇ, ஏஆர்பி இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் கசிவு இன்னும் இறங்கும். அப்படிச் சேர்த்துக் கொடுத்த அமெரிக்க ஆய்வு, 1,448 பேரைச் சேர்த்த பிறகு பொட்டாசியம் ஏறியும் சிறுநீரகம் திடீரென்று அடிபட்டும் 2013இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அளவுகோலுக்கு மருத்துவம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சாட்சி.

இந்த மருந்துகள் இந்த மண்ணில் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் ஆய்வு மையங்கள் சொல்லாது. பாலக்காட்டுக் கணவாயின் வெயில் சாதாரணமானதல்ல, 2024 ஏப்ரலில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. எருத்தேன்பதியிலோ வடகரப்பதியிலோ வயலில் நாள் முழுக்க நின்று வேர்த்துக்கொட்டியவர், அதே நாள் வயிற்றுப்போக்கு கண்டவர், ஏசிஇ மாத்திரையும் எஸ்ஜிஎல்டி2 மாத்திரையும் தொடர்ந்து விழுங்கி, முதுகுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோஃபெனாக்கும் போட்டால் சிறுநீரகம் ஒரே வாரத்தில் படுத்துவிடக்கூடும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் நாட்களில் இந்த மாத்திரைகளை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதை மருந்து தரும் அன்றே, தமிழில், சொல்லி அனுப்ப வேண்டும். வெயிலுக்கு இளநீர் குடிப்பவர்கள் நிறைந்த பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்தில், நோய் முற்றியவருக்கு இளநீரின் பொட்டாசியமும் ஏசிஇ அல்லது ஏஆர்பி மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து என்பதையும் சொல்ல வேண்டும்.

மலைப்பக்கத்தில் சிக்கல் வேறு. எஸ்ஜிஎல்டி2 மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, சிறுநீர் கூடுகிறது, பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வர இடமாகிறது. தேயிலைக் காட்டில் வேலை செய்யும் பெண்ணுக்கு அருகில் கழிப்பறை இல்லை. அதற்காகவே தண்ணீரைக் குறைத்துக் குடிப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு வேலையிடத்துக் கழிப்பறையைப் பற்றிப் பேசாத மருத்துவம் பாதி மருத்துவம். இவையெல்லாம் மருந்தைத் தள்ளுவதற்குக் காரணங்கள் ஆகா. மருந்தோடு சேர்ந்து போக வேண்டியவை.

போடோசைட்டைக் காப்பதற்கு இன்னும் நேரான வழி, அதைத் தாக்கும் பொருளையே விலக்குவது. கேரளம் இதில் உலகத்துக்கே ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. பாலக்காட்டுக்கு அடுத்த மாவட்டமான மலப்புரத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி என்ற கசிவு நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் ஆராய்ந்தார்கள். 15 பேரின் வடிகட்டியில் நெல்-1 என்ற அரிய புரதம் படிந்திருந்தது. அவர்களில் 13 பேர் முகம் வெளுக்கக் க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் இருந்தது பாதரசம். க்ரீமை நிறுத்தியபின் பெரும்பாலோர் தேறினார்கள். இதற்கு முன்பே, பாதரசம் கலந்த நாட்டு மருந்து சாப்பிட்டவர்களிடம் இதே நெல்-1 நோய் வருவதை 2022இல் சென்னை, வேலூர் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் 2023 முதல் இந்தக் க்ரீம்களைத் தேடிப் பிடித்துவருகிறது. எல்லைக் கடைகளில் லேபிள் இல்லாத டப்பாக்கள் விற்கும்வரை அந்த வேலை முடிந்ததாகாது. காலும் முகமும் வீங்கி வரும் இளம்பெண்ணிடம் ‘என்ன சாப்பிடுகிறாய்’ என்று கேட்கிறோம். ‘முகத்தில் என்ன பூசுகிறாய்’ என்றும் கேட்க வேண்டும்.

எல்லோரும் ஒரே எண்ணிக்கை வடிகட்டியோடு பிறப்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். குறைந்த எடையில் பிறக்கும் குழந்தைக்கு நெஃப்ரான்கள், அதாவது வடிகட்டி அலகுகள், குறைவு. பிறவியிலேயே நெஃப்ரான்கள் குறைந்தால் ரத்த அழுத்தம் ஏறும் என்று பிரென்னர் 1988இலேயே சொன்னார். 2003இல் ஜெர்மனியில் விபத்தில் இறந்தவர்களிடம் எண்ணிப் பார்த்தபோது, ரத்த அழுத்தம் இருந்தவர்களிடம் ஒரு சிறுநீரகத்துக்கு ஏழு லட்சமும் இல்லாதவர்களிடம் பதினான்கு லட்சமும் இருந்தன. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியின் இருளர் குடியிருப்புகளில் தாய்மாரின் ரத்தசோகையும் எடை குறைந்த குழந்தைகளும் நெடுநாள் துயரம். அரிவாள் அணு நோயும் அங்கே உண்டு, அது தன் பங்குக்கு வடிகட்டியின் அழுத்தத்தைச் சிறு வயதிலேயே ஏற்றி ஆல்புமினைக் கசியவிடும். கர்ப்பிணிக்குக் கொடுக்கும் முட்டையும் பருப்பும் அடுத்த தலைமுறையின் போடோசைட்டுகளுக்கான பாதுகாப்பு. அதே வீட்டில் நோயாளிக்குப் பருப்பு ஆகாது என்றானால், ஒரே அடுப்பில் சமைக்கும் ஏழைக் குடும்பத்தில் யார் தட்டிலும் பருப்பு விழாது.

மருந்து இருக்கிறது, மலிவாகவும் இருக்கிறது. யாருக்குக் கசிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு முன்னோடி சென்னையில் இருக்கிறது. சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாகச் சென்னைக்கு அருகிலுள்ள கிராமங்களில், ஏறத்தாழ 25,000 மக்களிடையே ஒரு திட்டம் நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாகப் போய்ச் சிறுநீரில் சல்ஃபோசலிசிலிக் அமிலம் விட்டுப் புரதமும், பெனடிக்ட் கரைசலால் சர்க்கரையும் பார்க்கச் செய்தார். ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். கண்டறிந்தவர்களுக்கு அன்று கிடைத்த மலிவான மாத்திரைகள். ஆண்டுக்குத் தலைக்கு ஆன செலவு சுமார் கால் டாலர் என்று 2003இல் எழுதினார். அது குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு இல்லை, ஆகவே எத்தனை சிறுநீரகங்கள் அதனால் பிழைத்தன என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பெண்ணால் தெருவிலேயே கசிவைக் கண்டுபிடிக்க முடியும் என்பதை அது ஐயமின்றிக் காட்டியது.

அந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. அமிலத்திலோ சாதாரண ஸ்ட்ரிப்பிலோ புரதம் தெரிவதற்குள் சர்க்கரை நோயாளியின் தொடக்கக் கசிவு நடந்து முடிந்திருக்கும். அவர்களுக்கு ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்க வேண்டும். இன்னொன்று இதைவிடக் கவலை தருவது. தமிழ்நாட்டில் விவசாயத் தொழிலாளர்கள் 3,350 பேரிடம் 2023இல் நடந்த ஆய்வில், ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல் நாள்பட்ட சிறுநீரக நோய் தெரிந்தது. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ வேறு தெரிந்த காரணமோ இல்லை. வெயிலில் உழைப்பவர்களைப் பிடிக்கும் இந்த நோய் பெரும்பாலும் குழாய்ப் பகுதியைத்தான் முதலில் கெடுக்கிறது, புரதம் அதிகம் கசிவதில்லை. சித்தூர் தாலுகாவின் வயல்கள் கோயம்புத்தூர், பொள்ளாச்சி வயல்களின் தொடர்ச்சிதான், வெயிலுக்கு மாநில எல்லை கிடையாது. எனவே சிறுநீர்ச் சோதனை மட்டும் செய்து நல்லபடி இருக்கிறது என்று அனுப்பிவிடக் கூடாது, ரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும்.

பிறகு எல்லை என்ற நிலம். லயத்தில் இருக்கும் தொழிலாளி வண்டிப்பெரியாற்றில் பரிசோதனை, தேனியில் ஸ்கேன், கோட்டயத்தில் நெஃப்ராலஜிஸ்ட் என்று அலைகிறார். ஓய்வு பெற்றதும் லயத்தைக் காலி செய்து தமிழ்நாட்டுச் சொந்த ஊருக்குப் போகிறார். ரேஷன் கார்டு எந்த மாநிலமோ அந்த மாநிலத்தின் காப்பீடுதான் அவருக்கு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் வராது. போடோசைட்டைக் காக்கும் மாத்திரை வாழ்நாள் மாத்திரை, நடுவில் ஆறு மாதம் நின்றாலும் பழைய அழுத்தம் திரும்பிவிடும். மாத்திரை தொடங்கியதும் கிரியாட்டினின் சற்றே ஏறும், அழுத்தம் இறங்கியதன் விளைவு அது, 30 விழுக்காட்டுக்குள் இருந்தால் நிறுத்த வேண்டியதில்லை. முதல் மருத்துவமனையின் குறிப்பு கையில் இல்லாத இரண்டாம் மருத்துவமனை அந்த ஏற்றத்தைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடும். பத்தியம் மட்டும் மனப்பாடமாக நோயாளியோடு பயணிக்கும்.

என் தீர்ப்பை வரிசைப்படுத்திச் சொல்கிறேன். கசிவைக் கண்டறிந்தவருக்கு ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்து, ஏசிஇ அல்லது ஏஆர்பி ஒன்றை, தாங்கும் முழு அளவில் கொடுப்பது முதல் இடம். உப்பைக் குறைப்பது அதற்கு இணையாக, அதே நாளில். எஸ்ஜிஎல்டி2 மாத்திரை அடுத்து, தாமதமில்லாமல், வெயிலுக்கும் கழிப்பறைக்கும் உரிய எச்சரிக்கையோடு. பாதரசக் க்ரீம், கேட்டு வாங்கும் வலி மாத்திரை, உள்ளடக்கம் தெரியாத சூரணம் ஆகியவற்றை உடனே நிறுத்துவது. உணவில் புரதம் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவில், பருப்பும் முட்டையும் உட்பட. கீட்டோ மாத்திரையோடு கூடிய கடும் பத்தியம், உணவியலாளரும் பணமும் மனவுறுதியும் கூடிய சிலருக்கு, கடைசியில். உழைத்து வாழும் எல்லைப்புற ஏழைக்குப் பருப்பை நிறுத்தச் சொல்வதை ஆய்வுச் சான்று ஆதரிக்கவில்லை. சிறுநீரகத்தின் பெயரால் அவருடைய உடம்பை வற்ற வைக்கும் ஆலோசனை அது, அதைக் கைவிட வேண்டும்.

கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இந்தப் பகுதித் தமிழர்களுக்கு அரசு அலுவலகங்களோடு தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை கொடுத்திருக்கிறது. இடுக்கியிலும் பாலக்காட்டிலும் 2014இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகளும், ஒவ்வொரு பஞ்சாயத்தின் குடும்ப சுகாதார நிலையமும், சிறுநீரக நோயாளிக்கான உணவுத் தாளையும் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டிய நாட்களின் குறிப்பையும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஒரு தாள் போதும்.

சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை ரத்தம் கொடுக்கும் நாளில் சிறுநீரையும் கொடுத்து ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 30க்கு மேல் இருந்தால், மூன்று மாதத்துக்குள் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, மருத்துவரிடம் எந்த மாத்திரை என்று கேளுங்கள். பருப்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்க வேண்டாம்.